நீரிற் கிடக்கும் எருமை



நீரிற் கிடக்கும் எருமைக்கு விலை பேசுதல் கூடாது என்று நம் நாட்டுப்புறத்தார் சொல்லுவதுண்டு. குளத்திலே கழுத்தளவு நீரில் அமிழ்ந்து கிடக்கும் எருமையின் தலையும் கொம்பும் மாத்திரமே கரையில் நிற்பவன் கண்ணுக்குப் புலனாகும். அதன் கால் நொண்டியோ, மடி வற்றியதோ, விலாவெலும்பு எவ்வளவு துருத்தி நிற்கின்றதோ, அவன் அறியான். கரையேற்றி, நாலடி நடக்கவிட்டுப் பார்த்த பின்னரே பணமுடிச்சை அவிழ்க்க வேண்டும் என்பது அம்மூதுரையின் கருத்து. மாட்டுச் சந்தைகள் மறைந்துவிட்ட கொழும்பு மாநகரிலே இப்பழமொழிக்கு இனி வேலை இல்லை என்று நான் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு எமது பாடசாலையில் நிகழ்ந்த ஒரு சம்பவம் அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது.

உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன் தொடர்ந்து மூன்று நாட்கள் பாடசாலைக்கு வரவில்லை. நான்காம் நாள் அவனுடைய தாயார் என் அறை வாயிலில் வந்து நின்றார். பாமன்கடையிலே வாடகை வீடொன்றில் இருந்து தையல் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைப்பவர் அவர். "சேர், இவன் சாப்பிடவும் மாட்டன் எண்டு படுத்திருக்கிறான். நீங்கள்தான் ஒருக்காக் கூப்பிட்டுப் பேச வேணும்" என்றார். விசாரித்தபோது விடயம் வெளிப்பட்டது. பையனுக்குக் கிற்றார் வாசிப்பில் பேரார்வம். கையடக்கத் தொலைபேசியில் விளம்பரம் ஒன்றைக் கண்டிருக்கிறான். கடையிலே விற்கும் விலையில் பாதிக்கும் குறைவாக, புதியது போன்ற கிற்றார் ஒன்று. விற்பவர் தாம் கண்டியில் இருப்பதாகவும், இரண்டு நாளில் வெளிநாடு செல்ல இருப்பதாகவும், வேறு மூவர் கேட்டுக்கொண்டிருப்பதாகவும், முதலிற் பணம் அனுப்புபவருக்கே பொருள் என்றும் சொல்லியிருக்கிறார். தாயார் சீட்டுப் பிடித்துச் சேர்த்து வைத்திருந்த 18,000 ரூபா அன்றிரவே வங்கி வழியாகச் சென்றது. மறுநாட் காலை அந்தத் தொலைபேசி இலக்கம் ஓய்ந்துவிட்டது. கிற்றார் வரவில்லை.

எமது பாடசாலையின் கணினி ஆசிரியர் அந்த விளம்பரத்தின் நிழற்படத்தை எடுத்துப் பார்த்தார். படத்தின் மூலையிலே, கிற்றாருக்குப் பின்னால், சுவரில் மின்செருகி ஒன்று தெரிந்தது. அதில் இரண்டு தட்டையான பிளவுகள் இருந்தன. நம் நாட்டு வீடுகளில் உள்ளவையோ மூன்று துளைச் செருகிகள். படம் கண்டியில் எடுக்கப்பட்டதன்று. கடல் கடந்த வேறொரு நாட்டில், வேறொருவர், வேறொரு காலத்தில் எடுத்தது. அந்தச் செருகி அத்தனை நாளும் உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கேட்பாரில்லை. எருமை நீரிற் கிடந்ததன்று. குளத்திலே எருமையே இல்லை!

இன்றைய பேச்சிலே, பழைய கிற்றார் ஒன்றை இணையத்தின் வழியே வாங்குவதும் விற்பதும் எங்ஙனம் என்பதை உங்களோடு ஆராயலாம் என்று கருதுகிறேன். கிற்றாரைச் சொன்னாலும், பழைய வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் துவிச்சக்கர வண்டிக்கும் இவற்றுட் பல பொருந்தும் என்பதை நேயர்கள் உணர்வீர்கள்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். பழைய கிற்றாரை ஏன் வாங்க வேண்டும்? ஒருவர் கழித்ததை இன்னொருவர் எடுப்பது குறைவன்றோ என்று சில பெற்றோர் எண்ணுகின்றனர். அது தவறான எண்ணம். இசைக்கருவி பழகப் பழகத் தேய்ந்து போகும் செருப்பன்று. செம்மையாகப் பேணப்பட்ட மரக்கருவி ஒரு தலைமுறைக்கு மேலும் இருந்து ஒலிக்கும். எரிக் கிளப்டன் என்னும் ஆங்கில இசைஞர் 1970 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரக் கடையொன்றிலே பழைய பெண்டர் கிற்றார்கள் ஆறினை மலிவாக வாங்கினார். மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சிய மூன்றின் நல்ல பாகங்களை ஒன்று சேர்த்துத் தமக்கென ஒரு கருவியை அமைத்துக்கொண்டார். அந்தப் பழைய பாகங்களின் கூட்டு 2004 ஆம் ஆண்டு ஏலத்திலே 9,59,500 டொலருக்கு விலைபோயிற்று. புகழ்பெற்ற கரம் தொட்டதால் வந்த விலை அது என்பது உண்மையே. ஆயினும் அவர் மேடை மேடையாக வாசித்தது பழைய கருவியைத்தான் என்பதும் உண்மை.

நம் நாட்டிற் கிற்றாருக்கு நீண்ட உறவு உண்டு. 1505 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் வந்ததன் பின்னர் இத்தீவில் வேரூன்றிய பைலா இசையிலே கிற்றாருக்குத் தனியிடம் வாய்த்தது. 1960 களில் கிளரன்ஸ் விஜேவர்தனவும் அவர் குழுவினரும் சிங்கள மெல்லிசையிலே மின்கிற்றாரைப் பரப்பினர். 1970 களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் தமிழ்ப் பொப் இசையை வீடுகள்தோறும் கொண்டு சென்றனர். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளிலே அலுமாரியின் மேலே துணி போர்த்து வைத்த பழைய கிற்றார் ஒன்று கிடப்பது அரிதன்று. வாங்கியவர் ஒருவேளை கனடாவிலோ இலண்டனிலோ இருப்பார். கருவி இங்கே இருக்கும்.

அக்காலத்தில் இத்தகைய பொருளை விற்க நினைத்தவர் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையிலே நான்கு வரி விளம்பரம் கொடுப்பார். வாங்குபவர் முகவரியைத் தேடிச் சென்று, கதவைத் தட்டி, தேநீர் அருந்தி, பொருளைக் கையிலெடுத்துப் பார்ப்பார். விற்பவரின் வீடும் முகமும் அயலவரும் அவருக்குத் தெரிந்துவிடும். 2012 ஆம் ஆண்டில் இக்மன் என்னும் விளம்பரத்தளம் இலங்கையில் தொடங்கியது. 2016 இல் பேஸ்புக் நிறுவனமும் தன்னிடத்தே சந்தையொன்றைத் திறந்தது. கதவைத் தட்டும் வேலை பெரும்பாலும் ஒழிந்தது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே, ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த மதிப்பு சில வாரங்களில் 360 ரூபா வரை சென்றபோது, வெளிநாட்டிலிருந்து வரும் புதிய கருவியின் விலை எளியவர் கைக்கு எட்டாததாயிற்று. பழைய கருவிகளை நாடுவோர் பெருகினர். தேவை பெருகும் இடத்திலே ஏமாற்றுவோரும் வந்து சேர்வர் என்பது உலகியல்பு.

இனி, வாங்குபவர் செய்யத்தக்கவை யாவை என்று பார்ப்போம்.

முதலாவது, விலையை அறிதல். ஒரு கிற்றாரைக் கண்டவுடன் விற்பவருக்கு எழுதுதல் வேண்டா. அதே வகைக் கருவி புதியதாயின் கடையில் என்ன விலை, பழையதாயின் ஐந்தாறு விளம்பரங்களில் என்ன விலை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எல்லாரும் ஏறத்தாழ ஒரே விலை சொல்ல, ஒருவர் மாத்திரம் அதிற் பாதியைச் சொல்வாராயின், அவர் வள்ளல் என்று எண்ணுவதற்கு முன் காரணம் யாதென்று கேளுங்கள். பேராசை பெருநட்டம் என்பதை நாம் பிறருக்குச் சொல்லும் மூதுரையாகவே வைத்திருக்கிறோம். எமது மாணவனின் தாயார் பேராசைக்காரர் அல்லர். பிள்ளைக்கு ஒன்றைக் குறைந்த பணத்தில் வாங்கிக் கொடுக்க முடிகிறதே என்று மகிழ்ந்தவர். ஏமாற்றுவோன் அந்த மகிழ்ச்சியைத்தான் தூண்டிலில் இரையாகக் கோக்கின்றான்.

இரண்டாவது, அவசரத்தை ஐயுறுதல். இன்றே அனுப்ப வேண்டும், மூவர் காத்திருக்கின்றனர், நாளை விமானம் ஏறுகிறேன் என்னும் சொற்கள் நம்மைச் சிந்திக்கவிடாமற் செய்வதற்கென்றே பிறந்தவை. மெய்யாகவே நாளை விமானம் ஏறுபவரும் உலகில் உண்டு. அவரிடம் வாங்கும் வாய்ப்பை இழந்தால் நமக்கு இன்னொரு கிற்றார் கிடைக்கும். இழந்த 18,000 ரூபா எளிதிற் கிடைக்காது.

மூன்றாவது, பொருள் விற்பவர் கையில் உள்ளதா என்று தெளிதல். இதற்கு எளிய வழி ஒன்றுண்டு. ஒரு தாளில் இன்றைய தேதியையும் உங்கள் பெயரின் முதலெழுத்தையும் எழுதி, அதைக் கிற்றாரின் தந்திகளுக்கிடையிற் செருகி, ஒரு படம் எடுத்து அனுப்புமாறு கேளுங்கள். கருவியை உடையவருக்கு இது ஒரு நிமிட வேலை. உடையவரல்லாதவர் ஆயிரம் சாக்குச் சொல்வார். வட்ஸ்அப் வழியாகக் காணொளி அழைப்பில் கருவியைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்வதும் நன்று. ஆனால் படங்களைப் பொய்யாக ஆக்கும் கருவிகள் பெருகியுள்ள காலம் இது. ஆகவே இவையெல்லாம் நேரிற் செல்வதற்கு முன் செய்யும் சலித்தெடுப்பேயன்றி, நேரிற் காண்பதற்கு ஈடாகா.

நான்காவதும் தலையாயதும், நேரிற் சென்று காணுதல். தூரத்திலுள்ள பொருளாயின் அவ்வூரில் நமக்கு ஒருவர் இல்லாமலா போவார்? யாழ்ப்பாணத்தார் கொழும்பிலுள்ள பொருளை வாங்க விரும்பின் வெள்ளவத்தையிலுள்ள மருமகனை அனுப்பலாம். கொழும்பார் கண்டியில் வாங்க விரும்பின் அங்குள்ள நண்பரை வேண்டலாம். சந்திக்கும் இடம் பகல்வெளிச்சத்தில் ஆட்கள் நடமாடும் இடமாக இருக்கட்டும். வங்கிக் கிளையின் முன்மண்டபம் மிக நன்று. பணம் கைமாறவும் வசதி. பிள்ளைகள் தனியே செல்லலாகாது. பெரியவராயினும் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்வது கோழைத்தனமன்று.

கருவி கைக்கு வந்தபின் அதனை எங்ஙனம் ஆராய்வது? வீணையை அறிந்தவர்களுக்கு இஃது எளிது. வீணைக்கு மெட்டுக்களும் குதிரையும் பிருடைகளும் இருப்பது போலக் கிற்றாருக்கும் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கழுத்தே முதன்மையானது. உருக்குத் தந்தி ஆறும் சுருதி கூட்டப்பட்ட நிலையிலே அந்த மெல்லிய மரத்தை ஏறக்குறைய 70 கிலோகிராம் விசையோடு ஓயாது இழுத்துக்கொண்டிருக்கின்றன. வளர்ந்த மனிதன் ஒருவன் தொங்குவதற்கு ஒப்பானது அது. ஆகவே காலப்போக்கிற் கழுத்து வளையும். தடித்த தந்தியை முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து மெட்டிலும் ஒருங்கே அழுத்திப் பிடியுங்கள். நடுவிலே தந்திக்கும் மெட்டுக்கும் இடையே ஒரு கனத்த தாள் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நன்று. அகன்ற இடைவெளி தெரிந்தால் கழுத்து முன்னே வளைந்துவிட்டது. பெரும்பாலான உருக்குத்தந்திக் கிற்றார்களின் கழுத்துக்குள்ளே சரிசெய்யும் உலோகக் கம்பி ஒன்று உண்டு. கிப்சன் நிறுவனத்துத் தாடியஸ் மக்ஹியூ என்பவர் 1923 ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற அமைப்பு அது. சிறிய வளைவை அதனால் நிமிர்த்தலாம். ஆனால் கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால், அதாவது தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கையில் ஒரு விளிம்பு உயர்ந்தும் மறு விளிம்பு தாழ்ந்தும் தெரிந்தால், அந்தக் கருவியை மரியாதையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்துக் குதிரை. நம் கடற்கரைப் பட்டினத்தின் ஈரக்காற்று பசையைத் தளர்த்தும். மரத்தை ஊதச் செய்யும். குதிரையின் பின்விளிம்பிலே மெல்லிய தாளொன்றைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே சென்றால் குதிரை எழும்பத் தொடங்கிவிட்டது என்பது பொருள். பன்னிரண்டாம் மெட்டிலே தந்தியின் உயரத்தை அளவுகோலால் அளக்கலாம். உருக்குத் தந்தியாயின் இரண்டு முதல் மூன்று மில்லிமீற்றரும், நைலோன் தந்தியாயின் மூன்று முதல் நான்கு மில்லிமீற்றரும் வாசிப்புக்கு ஏற்றவை. மிக உயர்ந்திருப்பின் கற்கும் பிள்ளையின் விரல் புண்படும். சில வாரங்களில் ஆர்வமும் அற்றுப்போகும். நைலோன் தந்திக்கென அமைந்த கிற்றாரில் அறியாமையால் உருக்குத் தந்தி பூட்டியிருப்பதையும் நம் ஊரிற் காண்கிறோம். அவ்விழுவிசையைத் தாங்காது அதன் மேற்பலகை உப்பியிருக்கும். அத்தகையதை வாங்கலாகாது.

பின்னர் ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு மெட்டாக அழுத்தி ஒலித்துப் பாருங்கள். எங்கேனும் இரைச்சல் எழுந்தால் மெட்டு தேய்ந்திருக்கலாம். பன்னிரண்டாம் மெட்டின் மேல் விரலை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒரே சுருதியாக இருத்தல் வேண்டும். கையடக்கத் தொலைபேசியிலுள்ள சுருதிமானியே இதைக் காட்டிவிடும். தலைப்பகுதியின் பின்புறத்தில் முறிந்து ஒட்டிய கோடு உண்டா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒலித்துளையின் வழியே விளக்கைச் செலுத்தி, உட்பலகைக் கட்டைகள் கழன்றுள்ளனவா, கறையானோ வண்டோ துளைத்த பொடி கிடக்கின்றதா என்று நோக்குங்கள். வெள்ளவத்தைக் கடற்காற்றிலே உப்பு உண்டு; பிருடைகளிற் பச்சைக்கறை படிந்து இறுகியிருக்கும். அது மாற்றத்தக்க குறை. அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். மின்கிற்றாராயின் ஒலிபெருக்கியோடு இணைத்து, குமிழ்கள் ஒவ்வொன்றையும் திருகிக் கேட்டபின்னரே பேசுங்கள்.

இவ்வளவும் செய்ய அரைமணி நேரம் போதும். அந்த அரைமணி நேரத்தை நேர்மையான விற்பனையாளர் மறுக்கமாட்டார். மறுப்பவரிடம் வாங்கவேண்டிய கட்டாயம் நமக்கில்லை.

இனி வேறொரு கேள்வி. கருவி நல்லது, விலையும் நியாயம். ஆனால் அது விற்பவருக்கு உரியதுதானா? இலங்கையிலே 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நம் கொடுக்கல் வாங்கல்களுக்கு அடிப்படையாக உள்ளது. தனக்கு உரிமையில்லாத பொருளை விற்பவன், சில விலக்குகள் தவிர, வாங்குபவனுக்கு உரிமையைக் கொடுக்க முடியாது என்பது அதன் கோட்பாடு. திருட்டுப்பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்புவதற்குக் காரணம் இருந்தும் நேர்மையின்றியோ ஏற்பவர், தண்டனைச் சட்டக் கோவையின்படி குற்றவாளியும் ஆவார். ஆகவே கருவியின் தொடரிலக்கத்தைப் பாருங்கள். அது சுரண்டப்பட்டிருந்தால் விலகுங்கள். வாங்கிய கடையின் பற்றுச்சீட்டு உண்டா, எப்போது வாங்கினீர்கள், ஏன் விற்கிறீர்கள் என்று பணிவாகக் கேளுங்கள்.

மரத்திற்கு நினைவு உண்டு என்பதற்கு ஓர் உண்மை வரலாறு சொல்லுகிறேன். கனடா நாட்டு இசைஞர் ரண்டி பக்மன் என்பவரின் 1957 ஆம் ஆண்டுக் கிரெட்ஸ் கிற்றார் 1976 இல் ரொறன்ரோ நகர விடுதியொன்றிலே களவு போயிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேற் கழிந்தபின், அவருடைய அன்பர் ஒருவர் பழைய படங்களிலே தெரிந்த மரத்தின் தனி அடையாளத்தைக் கொண்டு இணையத்திலுள்ள கிற்றார்ப் படங்களை ஒப்பிட்டுத் தேடினார். கருவி ஜப்பானிலே ஓர் இசைஞரிடம் இருந்தது. அவர் அதன் வரலாறு அறியாமல் தோக்கியோவில் விலைகொடுத்து வாங்கியவர். 2022 ஜூலை 1 ஆம் நாள், அதற்கு ஒத்த இன்னொரு கிற்றாரைப் பெற்றுக்கொண்டு அவர் அதை உரியவரிடம் ஒப்படைத்தார். மனிதனின் கைரேகை போல மரத்தின் ரேகையும் ஒன்றுபோல் ஒன்றிராது. ஆகவே கிற்றார் வைத்திருப்போர் இன்றே அதன் முன்னும் பின்னும் தொடரிலக்கமும் தெரியப் படமெடுத்து வைத்துக்கொள்வது நன்று. களவு போனால் பொலிசாரிடம் காட்ட அதுவே சான்று.

இனி விற்பவர் பக்கம் வருவோம். ஏமாற்றம் ஒரு திசையில் மாத்திரம் வீசும் காற்றன்று. இதை என் சொந்த அனுபவத்தால் அறிவேன்.

என் தமையனார் 1980 களிற் புலம்பெயர்ந்தபோது விட்டுச்சென்ற கிற்றார் ஒன்று எங்கள் வீட்டு அலுமாரியின் மேலே நெடுங்காலம் கிடந்தது. "நான் இனி வந்து வாசிக்கப் போறதில்லைத் தம்பி, ஆராவது வாசிக்கிற பிள்ளைக்குக் குடு" என்று அவர் தொலைபேசியிற் சொன்னபின், சில ஆண்டுகளுக்கு முன்னர் அதனை விற்பதற்கு விளம்பரம் செய்தேன். பக்கப்பலகையிலே ஒட்டித் திருத்திய ஒரு வெடிப்பு இருந்தது. அதைப் படத்திற் காட்டாமல் விட்டால் கூடிய விலை கிடைக்கும் என்று வீட்டிலே ஒருவர் சொன்னார். நாள்தோறும் பிள்ளைகளுக்கு உண்மை பேசுமாறு போதிக்கும் ஒருவன் இரவிலே வெடிப்பை மறைத்துப் படமெடுப்பது எங்ஙனம்? வெடிப்பையே தனிப் படமாக எடுத்து, முதல் வரியிலே எழுதினேன்.

அன்று மாலை ஒருவர் பேசினார். விலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கருவியைப் பார்க்கவும் விரும்பவில்லை. பணத்தை வங்கியில் இட்டுவிட்டதாகச் சொல்லி, பற்றுச்சீட்டின் படத்தையும் அனுப்பி, கருவியைப் பெற்றுவர முச்சக்கர வண்டி ஒன்று வந்துகொண்டிருப்பதாகக் கூறினார். படத்திலே வங்கியின் பெயரும் தொகையும் என் பெயரும் செம்மையாக இருந்தன. ஆயினும் என் கணக்கிலே பணம் இல்லை. "வந்து சேரச் சற்றுத் தாமதமாகும், நீங்கள் கருவியைக் கொடுத்தனுப்புங்கள்" என்றார். பணம் வந்து சேரட்டும், கருவி எங்கும் ஓடிவிடாது என்றேன். முச்சக்கர வண்டி வந்து வெறுமனே திரும்பியது. பணம் இன்றுவரை வரவில்லை. பற்றுச்சீட்டின் படம் பணமன்று என்னும் பாடத்தை நான் செலவில்லாமற் கற்றேன்.

ஆகவே விற்போர் சிலவற்றை நெஞ்சில் நிறுத்துக. உங்கள் வங்கிக் கணக்கை நீங்களே திறந்து பார்த்து, பணம் ஏறியிருப்பதைக் கண்டபின்னரே பொருளைக் கொடுங்கள். பணத்தைப் பெறுவதற்குக் கணக்கிலக்கமும் பெயரும் வங்கிக் கிளையும் போதும். உங்கள் இரகசியக் குறியீட்டையோ, தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவெண்ணையோ கேட்பவர் பணம் தர வரவில்லை, எடுக்க வருகிறார். கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிகுதியைத் திருப்பி அனுப்புங்கள் என்பவரிடம் எச்சரிக்கை. பொதி அனுப்பும் நிறுவனத்தின் பெயரால் ஓர் இணைப்பை அனுப்பி, அதில் வங்கி அட்டையின் விவரங்களை நிரப்பச் சொன்னால் அதைத் தொடாதீர்கள். விளம்பரப் படங்களிலே வீட்டின் உட்புறமும் பிள்ளைகளும் வாகன இலக்கமும் தெரியாதிருக்கட்டும்.

கருவியைத் தூரத்துக்கு அனுப்ப நேர்ந்தால் தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, கழுத்தின் கீழும் தலையின் இருபுறமும் துணியோ நுரையோ வைத்து, கடினமான பெட்டியில் அசையாதவாறு அடைத்து அனுப்புங்கள். பொருள் கைமாறும்போது ஒரு தாளிலே தேதி, கருவியின் பெயர், தொடரிலக்கம், விலை, தெரிந்த குறைகள் ஆகியவற்றை எழுதி இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வரிகள்தாம், நாளை எழும் நாற்பது வாக்குவாதங்களை அவை தடுக்கும்.

புலம்பெயர்ந்த உறவினரிடமிருந்து வாங்குவோரும் அவர்களுக்கு விற்போரும் அறியவேண்டிய ஒன்று உண்டு. கிற்றார் செய்ய உதவும் ஈட்டி இனத்து மரங்கள் யாவும் 2017 ஜனவரி 2 முதல் சைற்றிஸ் என்னும் சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. நாடுவிட்டு நாடு விற்கப்படும் கிற்றார்களுக்கும் அனுமதிப்பத்திரம் தேவைப்பட்டது. அவ்வுடன்படிக்கையின் 2019 ஆம் ஆண்டு மாநாடு கொழும்பிலே நடைபெறுவதாக இருந்தது. கொட்டாஞ்சேனை புனித அந்தோனியார் ஆலயத்தையும் வேறு இடங்களையும் குருதியில் நனைத்த ஏப்ரல் 21 இன் கொடுமைக்குப் பின்னர், அது ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டது. அங்கே எடுத்த முடிவின்படி, 2019 நவம்பர் 26 முதல் முற்றுப்பெற்ற இசைக்கருவிகளுக்கு அவ்விதி தளர்த்தப்பட்டது. எனினும் 1992 முதற் கடுமையாகக் காக்கப்படும் பிரேசில் நாட்டு ஈட்டிமரத்துக்கு அத்தளர்வு இல்லை. மிகப் பழைய, விலையுயர்ந்த கருவிகளைக் கடல் கடந்து வாங்குவோர் மரம் எது என்று விசாரித்தல் வேண்டும்.

இத்தனை எச்சரிக்கைக்குப் பின்னும் ஏமாறினால் என் செய்வது? நாணி ஒளிந்துகொள்ளாதீர்கள். முதல் மணி நேரத்திலேயே வங்கிக்கு அறிவியுங்கள். பணம் இன்னும் எடுக்கப்படாதிருந்தால் தடுக்க இயலக்கூடும். விளம்பரம், உரையாடல், தொலைபேசி இலக்கம், கணக்கிலக்கம் ஆகிய யாவற்றையும் அழியாமற் படமாக்கி வையுங்கள். அண்மையிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைப் பதியுங்கள். வஞ்சித்துப் பொருள் கவர்தல் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையிலேயே குற்றம். இணையத்திற் செய்தாலும் அது குற்றமே. குற்றப் புலனாய்வுத் திணைக்களத்திலே கணினிக் குற்றங்களுக்கென ஒரு பிரிவும் உண்டு. வியாபாரி ஒருவரிடம் வாங்கிய பொருளைப் பற்றிய குறையாயின், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்னும் இலக்கத்தில் அறிவிக்கலாம்.

நேயர்களே, எமது மாணவனிடம் மீண்டும் வருவோம். அவனை அழைத்து நான் சொன்னது ஒன்றே: "தம்பி, வெட்கப்பட வேண்டியவன் உன்னை ஏமாத்தினவன். நீ ஏன் முகத்தை மறைக்கிறாய்?" தாயும் மகனும் பொலிஸ் நிலையம் சென்று முறைப்பாடு செய்தனர். அந்தப் பணம் திரும்பி வந்தது என்று சொல்லி இப்பேச்சை இனிதே முடிக்க எனக்கும் ஆசைதான். வரவில்லை. ஆனால் அவ்விளம்பரம் இருந்த தளத்திற்கும் அவன் அறிவித்தான், விளம்பரம் அகற்றப்பட்டது. அதனால் இன்னொரு தாயின் சீட்டுப் பணம் தப்பியிருக்கக்கூடும்.

சில மாதங்கள் சென்றன. விடுமுறையில் உழைத்த பணத்தோடும் தாயாரோடும், நான் மேலே சொன்ன குறிப்புக்களை எழுதிய தாளோடும் அவன் கொட்டாஞ்சேனையிலே ஒரு வீட்டுக்குச் சென்றான். கழுத்து முறுக்கியிருப்பதைக் கண்டு, நன்றி சொல்லித் திரும்பினான். "வேண்டாம்" என்று சொல்லி வெறுங்கையோடு திரும்பிய அந்தப் பயணத்தையே அவன் கற்ற பாடங்களுட் சிறந்ததாக நான் மதிக்கிறேன். அடுத்த வாரம் தெகிவளையிலே ஓய்வுபெற்ற ஒருவரின் கிற்றாரைக் கண்டான். பிருடையொன்று இறுகியிருந்தது, அதை அவரே முதலிற் சொன்னார். அரைமணி நேரம் ஆராய்ந்து வாங்கினான். இவ்வாண்டுப் பரிசளிப்பு விழாவிலே அக்கருவி எங்கள் மண்டபத்தில் ஒலித்தது. முன்வரிசையில் தாயார் இருந்தார்.

என் தமையனாரின் கிற்றாரோ, வெடிப்பைப் பற்றி முதல் வரியிலே படித்துவிட்டு வந்த ஓர் இளம் ஆசிரியையிடம் சென்றது. "குறையைச் சொன்னபடியால்தான் வந்தேன், சேர்" என்றார் அவர்.

குளத்திலே கிடக்கும் எருமையைக் கரையேற்றிப் பார்ப்பது வாங்குபவர் கடமை. அதனைத் தானே கரையேற்றிக் காட்டுவது விற்பவர் கடமை. இருவரும் தத்தம் கடமையைச் செய்வாராயின் முகமறியாச் சந்தையிலும் முகமறிந்த நம்பிக்கை வளரும்.